டிம் ரீம் மாதிரி வேகமில்லாத பாக் ஒருத்தனை எப்பிடி வளர்க்கிறது?

மல்லாவிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் பின்னேரத்தில எங்கட கிரவுண்டில 18 வயசுக்கு உட்பட்ட பெடியளுக்கு பந்து பழக்கிறனான். முந்தி விளையாடின ஆள் எண்டபடியா மாஸ்டர் கேட்டார், செய்யிறன். எங்களிட்ட ஒரு சென்ரர் பாக் (பின்வரிசை நடுவில நிண்டு தடுக்கிறவன்) இருக்கிறான், இடதுகால்காரன், நல்ல உயரம், வாற பந்தை அப்பிடியே காலடியில நிப்பாட்டுவான், தலையைத் தூக்கிப் பாத்து பாஸ் குடுப்பான், ஆனா ஓட்டம் காணாது. கிட்டடியில நடந்த விலகல் முறை சுற்றில அவனுக்குப் பின்னால தூக்கிப்போட்ட பந்துக்கு மற்ற அணி விங்கர் (கரையால ஓடுறவன்) ஓடி அவனைத் தாண்டிப்போய் கோல் அடிச்சிட்டான், அதோட நாங்கள் வெளியில. அண்டையில இருந்து சனம் முழுக்க அவனைத்தான் பேசுது, கழகத்தில பெரியாக்கள் அவனை எடுத்துப்போட்டு ஓடக்கூடிய ஒருத்தனை விடு எண்டு ஒரே நிலையில நிக்கினம். பெடியன் மனம் விட்டுட்டான், இப்ப பிராக்டிசுக்கும் ஒழுங்கா வாறேல்லை.

அவன்ர தமையன்தான் சொன்னவர், அமெரிக்கன் டிம் ரீம் எண்டு ஒரு பாக் இருக்கிறார், அவரும் ஓட்டம் இல்லாத ஆள்தான், 35 வயசில உலகக்கிண்ணம் விளையாடினவர் எண்டு. நான் அவர் விளையாடின இங்கிலாந்துக் கிளப் புல்ஹாம்ர மட்ச் ஒண்டு ரெண்டு பாத்திருக்கிறன், அவ்வளவுதான். ஆரும் அவற்ர கதையை அடியில இருந்து சொல்லுவீங்களோ? எங்க விழுந்தவர், பேந்து எப்பிடி எழும்பினவர் எண்டு வேணும், பெடியனை இருத்தி வச்சுச் சொல்லோணும்.

கரைச்சி வடக்கு:

தம்பி நல்ல கேள்வி, ரீமைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு வேற வேலை வேண்டாம், கொஞ்சம் நீளும் பொறுத்து வாசியுங்கோ.

ஆள் பிறந்தது 1987 ஒக்ரோபர், மிசூரி மாநிலத்து சென் லூயிஸ் நகரம். 17 வயசில பெரிய கிளப்புக்குப் போன ஆள் இல்லை, பிறந்த ஊரிலயே சென் லூயிஸ் பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டு விளையாடினவர். அங்கத்தைய முறைப்படி கல்லூரியால வாற பெடியளை கிளப்புகள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கும், 2010 இல ரீமை நியூயோர்க் ரெட் புல்ஸ் எடுத்தது 18 ஆவது ஆளா. ஆக 17 பேரை அவருக்கு முன்னம் எடுத்திட்டாங்கள். ஆனா முதல் சீசனே அவரை பின்வரிசையால எடுக்க ஏலாமப் போச்சு, அந்த வருசம் நடுவில தியரி ஹென்றியும் ரஃபா மார்க்கெஸும் வந்து சேர்ந்த அணி அது. அதே 2010 நவம்பரில கேப்டவுனில தென்னாபிரிக்காவோட, அவர் அமெரிக்காவுக்கு விளையாடின முதல் மட்ச், 1-0 வெற்றி.

இனித்தான் உங்கட பெடியனுக்குச் சொல்லவேண்டிய இடம். 2011 கோல்ட் கப், அதாவது வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின்ர கிண்ணம், அதில பனாமாவோட மட்ச். ரீம் பெனால்ரி பெட்டிக்குள்ள ஆளை விழுத்தி பெனால்ரி போகுது, அமெரிக்கா 2-1 எண்டு தோத்துப்போச்சு. கோல்ட் கப் குழுச் சுற்றில அமெரிக்கா தோத்ததே அதுதான் முதல் தரம். உங்கட கிரவுண்டைச் சுத்தி நிண்டது நூறு இருநூறு பேர் எண்டு வையுங்கோ, அவருக்கு ஒரு நாடே பேசினது. அடுத்த மட்ச்சில இடம் போச்சு. அப்ப அவருக்கு 23 வயசு.

பேந்து 2012 ஜனவரியில இங்கிலாந்துக்கு, போல்ரன் வொண்டரர்ஸ். போய் நாலு அஞ்சு மாசத்தில போல்ரன் இங்கிலாந்தின்ர மேல் லீக்கான பிரீமியர் லீக்கால கீழ இறங்கிட்டுது. கீழ் லீக்கில முதல் காலம் லேசில்லை, இடம் கிடைக்கிறதும் போறதுமா இருந்தது, சென்ரர் பாக், இடது பாக் எண்டு மாத்தி மாத்தி விட்டாங்கள். ஆள் முறுகேல்லை, விட்ட இடத்தில நிண்டார். கடைசியில 2013-14, 2014-15 எண்டு ரெண்டு சீசனும் அடுத்தடுத்து போல்ரன்ர சிறந்த வீரர் அவர்தான். பாக் ஒருத்தனுக்கு ரெண்டு வருசம் தொடர்ந்து அந்தப் பரிசு குடுக்கிறதெண்டால் பாருங்கோ.

2015 இல புல்ஹாம். இஞ்சதான் ஒன்பது வருசம், 300 மட்ச்சுக்கு மேல. 2018 இல வெம்பிளியில அஸ்ரன் வில்லாவை 1-0 வெண்டு பிரீமியர் லீக்குக்கு மேல போச்சினம், அந்த சீசன் புல்ஹாம்ர சிறந்த வீரரும் அவர்தான். 2019 இல கீழ. 2020 இல பிரென்ட்ஃபோர்டை வெண்டு மேல. 2021 இல திரும்பக் கீழ. அந்த 2020-21 சீசன் மோசம், தொடக்கத்திலயே இடம் போச்சு, புதுசா வாங்கின இளம் பாக்குகள் விளையாட இவர் மாற்று ஆளா வாங்கில இருந்து பாத்தவர். 33 வயசு பாக் வாங்கில இருந்தால் வேற இடத்தில எண்டால் கணக்கு முடிஞ்சுது எண்டுதான் நினைப்பினம்.

அடுத்த வருசம் மார்கோ சில்வா கோச்சா வாறார், ரீமைத் திரும்ப நடுவில நிப்பாட்டுறார், 2022 இல சம்பியன்ஷிப்பை, அதாவது பிரீமியர் லீக்குக்கு அடுத்த கீழ் லீக்கை, வெண்டு மேல போகினம். முன்வரிசை மித்ரோவிச் 43 கோல் அடிச்சதை எல்லாரும் கதைப்பினம், பின்னுக்கு நிண்டு பந்தை வெளியில எடுத்துத் தந்தவரை ஆர் கதைக்கிறது. பேந்து 2022 உலகக்கிண்ணம். ஒரு வருசத்துக்கு மேல அமெரிக்க அணிக்கே கூப்பிடாத ஆளை, பாக்குகள் சிலர் காயப்பட்ட நேரத்தில நேர கட்டாருக்குக் கூட்டிக்கொண்டு போகினம். வேல்ஸ் 1-1, இங்கிலாந்து 0-0, ஈரான் 1-0, நெதர்லாந்தோட 3-1 தோல்வி, நாலு மட்ச்சும் முழு நேரம் விளையாடினவர். முதல் மூண்டு மட்ச்சில அமெரிக்கா வாங்கினது ஒரே ஒரு கோல், அதுவும் வேல்ஸின்ர கரெத் பேல் அடிச்ச பெனால்ரி. அதே வருசம் டிசம்பர் 26 கிறிஸ்ரல் பலஸோட அடிச்சதுதான் அவற்ர முதல் பிரீமியர் லீக் கோல், 35 வயசில.

2023 ஏப்ரலில மன்செஸ்ரர் சிற்றி மட்ச்சில கை முறிஞ்சுது, அதில இருந்தும் வந்தார். 2024 ஓகஸ்ட் அமெரிக்காவில சார்லட் அணிக்குப் போயிட்டார். 2025 கோல்ட் கப்பில அமெரிக்காவுக்கு கப்டன், இறுதியில மெக்சிகோவோட 2-1 தோல்வி. 2011 இல எந்தக் கிண்ணத்தில இடம் போனதோ அதே கிண்ணத்தில 37 வயசில கைப்பட்டி கட்டிக்கொண்டு நிண்டவர். இதை உங்கட பெடியனுக்கு வடிவாச் சொல்லுங்கோ.

சோளகக் காத்து:

கதை நல்லா இருக்கு அண்ணை, நானும் ரீமை மதிக்கிறன். ஆனா ஒண்டு சொல்லோணும். அவர் விளையாடுறது கம்பளம் விரிச்ச மாதிரி புல்லில. எங்கட கிரவுண்டில மாரி முடிய மாடு மிதிச்ச தடம் எல்லாம் அப்பிடியே காஞ்சு இறுகிப்போய்க் கிடக்கு, பந்து நிலத்தில வந்தால் கடைசி ஒரு அடியில எந்தப்பக்கம் எகிறும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதில பின்னுக்கு நிண்டு பாஸ் குடுத்து விளையாடச் சொல்லுறது பெடியனை மாட்டி விடுறது. இன்னொண்டு ஆடி மாசத்துச் சோளகம். காத்துக்கு எதிரா நிக்கேக்க மற்ற கோலி சும்மா தூக்கி அடிச்ச பந்தே எங்கட பாக்குகளின்ர தலைக்கு மேலால போய் பின்னால விழும், அப்ப ஓட்டம் இல்லாதவன் என்ன செய்யிறது? அணிக்கு 7 பேர் சுற்றெண்டால் இன்னும் மோசம், பக்கத்தில உதவிக்கு ஆளே இல்லை. கழகப் பெரியாக்கள் சொல்லுறதில பிழை இருக்கெண்டு நான் சொல்லமாட்டன்.

கரைச்சி வடக்கு:

சோளகம், கிரவுண்ட் விசயம் முழுக்க உண்மை, 7 பேர் சுற்றுக்கு அவனை விடவேண்டாம் எண்டு நானே சொல்லுவன், அது வேற விளையாட்டு. ஆனா 11 பேர் மட்ச்சில அந்தக் காத்துப் பந்தை ஓடிப்பிடிக்கிறவனை விட, அது எங்க விழும் எண்டு முதலே தெரிஞ்சு நாலு அடி பின்னுக்குப் போய் நிக்கிறவன்தான் தேவை. ரீமைப் பாத்தியள் எண்டால் ஆள் சறுக்கி விழுந்து பந்து எடுக்கிறது நல்லாக் குறைவு. தண்ணி எந்த வரம்பால திரும்பும் எண்டு தெரிஞ்ச கமக்காரன் மண்வெட்டியோட முதலே அங்க போய் நிக்கிற மாதிரி, பந்து வரேக்க ஆள் அந்த இடத்தில நிப்பார்.

ஒரு விசயத்தை மட்டும் கிட்டப் பாருங்கோ. கோலியிட்ட பந்து இருக்கேக்க ரீம் இடப்பக்கம் விலகி, உடம்பைப் பாதி திருப்பி, பக்கக் கோட்டுக்கு முதுகு காட்டி மைதானம் முழுக்கத் தெரியிற மாதிரி நிப்பார். பந்து வர முன்னமே தலை ரெண்டு தரம் தோளுக்கு மேலால திரும்பும். பந்து வரேக்க கிட்ட இருக்கிற காலை விட்டிட்டு தூரத்தில இருக்கிற இடது காலுக்கு அதை உருள விடுவார், அந்த ஒரு உருளலிலயே ஓடிவந்த ஸ்ட்ரைக்கர் வெட்டுப்பட்டுப் போயிடுவான், அடுத்த தொடுகை நேர முன்னுக்கு மிட்ஃபீல்டருக்கு. இடப்பக்கத்தில வலதுகால்காரன் நிண்டால் இந்தப் பந்தை உள்ளுக்குத் திருப்பித்தான் அடிக்கோணும், அதுக்கிடையில ஆள் வந்திடும். இடதுகால் சென்ரர் பாக் கிடைக்கிறது எங்கயும் அருமை, உங்களிட்ட ஒருத்தன் இருக்கேக்க ஓட்டம் காணாதெண்டு விடுறதோ?

முல்லை அக்கா:

வணக்கம். நான் இஞ்ச பிள்ளையளுக்கு உதைபந்து பழக்கிறனான், நானும் நாலாம் நம்பர் பாக்காத்தான் விளையாடினனான். ரீமைப் பற்றிச் சொல்லுறீங்கள் நல்லது, ஆனா அதே சென் லூயிஸில பிறந்த இன்னொரு பாக்கை ஒருத்தரும் சொல்லேல்லை, பெக்கி சவர்பிரன். 1985 இல பிறந்தவா. அமெரிக்கப் பெண்கள் அணிக்கு 219 மட்ச் விளையாடினவா, அந்த 219 இல அடிச்ச கோல் ஒண்டும் இல்லை. ஒரு கோலும் அடிக்காமல் ரெண்டு உலகக்கிண்ணம், ஒரு ஒலிம்பிக் தங்கம், நாட்டுக்குக் கப்டன்.

அவாவும் கெதியா மேல வந்த ஆள் இல்லை. 2008 இல முதல் மட்ச், 2011 உலகக்கிண்ணத்தில விளையாடினது ஒரே ஒரு மட்ச், அதுவும் ரேச்சல் பியூலர் ரெட் கார்ட் வாங்கினபடியா பிரான்சோட அரையிறுதிக்கு இறக்கினது. முழு மட்ச்சும் நிண்டு 3-1 வெண்டினம், பேந்து இறுதிக்கு திரும்ப வாங்கில. 2012 ஒலிம்பிக்கிலயும் நிரந்தர இடம் இல்லை. 30 வயசாகேக்கதான் 2015 உலகக்கிண்ணம் வருது, அப்ப நடுவில அவாவும் ஜூலி ஜோன்ஸ்ரனும். முதல் மட்ச்சில அவுஸ்திரேலியா ஒரு கோல் அடிச்சது, அதுக்குப்பிறகு சுவீடன், நைஜீரியா, கொலம்பியா, சீனா, ஜேர்மனி, அஞ்சு அணியும் ஒரு கோலும் அடிக்கேல்லை. இறுதியில ஜப்பானை 5-2, கார்லி லொய்ட் அடிச்ச மூண்டு கோலை உலகமே பாத்தது சரி, அந்த அஞ்சு பூச்சியத்தை எனக்குத் தெரிஞ்ச பிள்ளையள் ஒருத்தருக்கும் தெரியாது.

தம்பி உங்கட பெடியன்ர விசயத்துக்கு இதைச் சொல்லுங்கோ. 2019 உலகக்கிண்ண அரையிறுதி, இங்கிலாந்தோட, அமெரிக்கா 2-1 முன்னுக்கு நிக்குது, கடைசி நேரம் சவர்பிரன் பெட்டிக்குள்ள எலன் வைற்றைத் தடுக்கப்போய் பெனால்ரி. எவ்வளவு அனுபவம், எவ்வளவு மட்ச், அப்பிடியும் போகுது. கோல் கீப்பர் அலிசா நேயர் பந்தைப் பிடிச்சிட்டா, அணி இறுதிக்குப் போய் நெதர்லாந்தை 2-0 வெண்டுது. பாக் விடுற இடத்தை கோலி காப்பாத்துவா, கோலி விடுறதை பாக் காப்பாத்துவான், அதுக்குத்தான் அணி. உங்கட கோலை வாங்கினது 11 பேர். அந்த விங்கருக்குப் பந்தைத் தூக்கிப்போட்டவனுக்குக் கிட்டப் போகாமல் நிண்ட உங்கட மிட்ஃபீல்டை ஆரும் பேசினதோ?

மற்றது, சுற்று நடத்துற கழகங்களுக்கும் சொல்லுறன். சிறந்த ஆட்டநாயகன், கூட கோல் அடிச்சவர், சிறந்த கோல் காப்பாளர் எண்டு மேடையில கிண்ணம் குடுக்கிறியள், சிறந்த பாக்குக்கு எத்தினை இடத்தில குடுக்கிறியள்? அமெரிக்கப் பெண்கள் லீக்கில வருசாவருசம் சிறந்த பாக் எண்டு தனியாப் பரிசு இருக்கு, சவர்பிரன் நாலு தரம் வாங்கினவா. எங்கட பிள்ளையள் எல்லாரும் முன்னுக்குத்தான் நிப்பன் எண்டு அழுறதுக்கு நாங்களும்தான் காரணம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு, ஆனா விடமாட்டன்.

ஒட்டுசுட்டான் பழசு:

பிள்ளையள் சென் லூயிஸ் சென் லூயிஸ் எண்டு கதைக்கிறியள், அந்த ஊர்க் கதை அதைவிடப் பழசு. 1950 உலகக்கிண்ணம் பிரேசிலில, யூன் 29, பெலோ ஒறிசோந்தே நகரத்தில அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 வெண்டது. அந்த அணியில அஞ்சு பேர் சென் லூயிஸ் ஆக்கள். அதில ஹரி கீயோ எண்டவர் பாக். தொழில் தபால் வேலை, கடிதம் குடுக்கிறவர். கோலி பிராங்க் போர்கி பிரேத வண்டி ஓடினவர். முழு நேரம் பந்து விளையாடிச் சம்பளம் எடுத்த ஆக்களை இவை ஒரு கோலும் அடிக்க விடேல்லை. கீயோ பேந்து அதே சென் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகி அஞ்சு தரம் தேசியக் கிண்ணம் எடுத்துக் குடுத்தவர், ரீம் படிச்சு விளையாடினதும் அந்தப் பல்கலைக்கழகம்தான். ஒரு ஊரில வேலை முடிச்சு வந்து விளையாடினவை அடுத்த ஆக்களுக்குப் பழக்கினபடியாத்தான் இப்ப வரைக்கும் அந்த ஊரில இருந்து பாக்குகள் வருகினம். தம்பி நீர் பின்னேரத்தில செய்யிறதும் அதுதான், விடாமச் செய்யும்.

மல்லாவிப் பெடியன்:

எல்லாருக்கும் நல்ல நன்றி, ஐயா உங்கட சொல்லுக்கும். பெடியனை வீட்டை போய்க் கண்டு கதைச்சனான். 2011 பனாமா மட்ச் கதை சொல்லேக்க ஒண்டும் பறையேல்லை, பேந்து அக்கா சொன்ன 2019 கதையைச் சொல்ல, அந்தப் பெனால்ரி வீடியோவைக் காட்டுங்கோ எண்டு கேட்டான். தமையன்ர போனில எடுத்துப் பாத்தனாங்கள். பிராக்டிசுக்கு வாறன் எண்டிருக்கிறான்.

இப்ப எனக்கு வேலை விளக்கம் வேணும். முதலாவது, ஓட்டம் காணாதவனுக்குப் பக்கத்தில எப்பிடியான பாக்கை விடுறது? ரெண்டாவது, சோளகக் காத்து அண்ணை சொன்ன மாதிரி காத்துக்கு எதிரா விளையாடேக்க அவனை எங்க நிப்பாட்டுறது? மூண்டாவது, ஓட்டத்தையும் கொஞ்சமாவது கூட்டலாமோ?

சோளகக் காத்து:

அவன் திரும்ப வாறது சந்தோசம் தம்பி. ஓட்டத்துக்கு நான் சொல்லுறன், நான் விங்கரா விளையாடின ஆள், பாக்குகளை எப்பிடி அடிக்கிறதெண்டு தெரியும். நீட்டு ஓட்டம் ஓட விடாதேங்கோ, பாக்குக்குத் தேவை முதல் அஞ்சு அடி. பக்கவாட்டில நிண்டு திரும்பி அஞ்சு அடி, திரும்ப மற்றப்பக்கம் திரும்பி அஞ்சு அடி, இடைக்கிடை மூச்சு எடுக்க விட்டுச் செய்விக்கோணும். நான் தாண்டிப்போன பாக்குகள் கூட நேர என்னைப் பாத்தபடி ரெண்டு காலையும் சமனா வச்சு நிண்டவங்கள்தான், அவங்கள் திரும்பி முடிய நான் போயிடுவன். பாதி திரும்பி நிண்டவனைத் தாண்டுறது கஷ்டம், அவன் மெதுவா ஓடினாலும்.

கரைச்சி வடக்கு:

அருமையாச் சொல்லிப்போட்டீங்கள், ரீம் செய்யிறதும் அதுதான்.

தம்பி முதல் கேள்விக்கு, பக்கத்தில வலதுகால்காரன் ஒருத்தன், ஓடக்கூடியவன், மோதக்கூடியவன். அவன் ஸ்ட்ரைக்கரோட போய் ஒட்டுவான், உங்கட பெடியன் ஒரு நாலு அஞ்சு அடி பின்னுக்கு நிண்டு அவனுக்குப் பின்னால விழுற பந்தை எடுப்பான். கட்டாரில ரீமுக்குப் பக்கத்தில மூண்டு மட்ச் நிண்ட சிமர்மன் நல்ல உடம்புக்காரன், உயரப் பந்துக்கு மோதுறவன், அந்தச் சோடி பொருந்தினது அதால. அதோட இடது பாக்கா விளையாடுறவன் மேல ஏறிப்போறவன் எண்டால் அவனைக் கொஞ்சம் கட்டி வையுங்கோ, அவன் போற இடத்தாலதான் விங்கர் வருவான், பிறகு பழி உங்கட பெடியன்ர தலையில விழும்.

காத்துக்கு எதிரா விளையாடுற பாதியில முழுப் பின்வரிசையையும் பெட்டிக்கு வெளியில ஒரு எட்டுப் பத்து அடியில இறக்கி விடுங்கோ, கோலியை வாசலால வெளியில வந்து நிக்கச் சொல்லுங்கோ, தலைக்கு மேலால வாற பந்து கோலிக்கு. காத்து உங்களோட வாற பாதியில வரிசையை நடுக்கோட்டுப் பக்கம் கொண்டு போங்கோ, அப்ப அவன்ர இடது கால் நீட்டுப் பாஸ் காத்தோட நல்லாப் போகும்.

முல்லை அக்கா:

ஒண்டு விட்டுப்போச்சு, அவனைக் கத்தப் பழக்குங்கோ. பின்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் முழு மைதானமும் தெரியும், அவன் வாய் திறக்காட்டில் முன்னுக்கு நிக்கிறவனுக்கு முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதெண்டு தெரியாது. "ஆள் வருது", "திரும்பு", "விடு", "என்ர பந்து", இந்த நாலும் காணும். கூச்சப்படுற பெடியன் எண்டால் முதல்ல ஆளில்லாத கிரவுண்டில நிண்டு கத்த விடுங்கோ, நான் எங்கட பிள்ளையளுக்கு அப்பிடித்தான் செய்யிறனான். அடுத்த மட்ச் எப்ப, எங்க எண்டு போடுங்கோ, கிட்ட எண்டால் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன்.